காயவைத்து எடை போட்ட வெயிலக்கா

அரசாங்கத்திடம் காசைக் குறைத்துக் கொடு என்று சண்டை போட்ட ஒரே ஜீவன், எனக்குத் தெரிந்து இந்தப் பூவுலகில் வெயிலக்காதான். நம்பாதவர்கள் என்னிடம் வரலாம். சண்டையில் பாதி என்னோடுதான் நடந்தது.

இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக, பெங்களூருக்கு வெளியே ஒரு கிராமப் பஞ்சாயத்தில் நான் கிளார்க். ஆஸ்டின் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். கிராமங்களில் வீடு வீடாகப் போய் அட்டை, பேப்பர், பால் கவர், பாட்டில் சேர்த்து வருபவர்களுக்குப் பஞ்சாயத்து கிலோக் கணக்கில் கூலி கொடுத்தது. வடக்குப் பக்க ஊர்கள், டிராக்டர் வைத்திருந்த ஒரு கான்ட்ராக்டருக்கு. தெற்குப் பக்கம், ஈஜிபுராவிலிருந்து வந்து மூன்று சக்கர வண்டி மிதித்த வெயிலக்காவுக்கு.

எடைக்குக் காசு என்றதும் கான்ட்ராக்டர் முதலில் வாங்கியது ஒரு ரப்பர் டியூப். வருகிற வழியில் அட்டைகளைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் தராசில் ஏற்றுவான். காய்ந்த அட்டை குடிக்கிற தண்ணீரை ஒட்டகம்கூடக் குடிக்காது.

அக்கா நேர் எதிர். சேர்த்ததையெல்லாம் ஆபீஸ் வாசலில் பரப்பி, அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று காய்ந்த பிறகுதான் எடை போட விடுவார். பேர் வந்தது அப்படித்தான். கொடிக்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே கயிறு கட்டிப் பால் கவர்களைத் தொங்கவிடுவார். ஒருநாள் பஞ்சாயத்துத் தலைவரின் ஜீப் சூடாக இருக்கிறதே என்று அதன் முதுகிலெல்லாம் கவர்களை ஒட்டிவிட்டார். தலைவர் அதைக் கவனிக்காமல் அப்படியே ஒரு கல்யாணத்துக்குப் போய் இறங்கினார்.

"தொட்டுப் பாரு கிளார்க்கு. ஈரம் இருக்கா?"

"இல்லக்கா. எழுதிடட்டுமா?"

"அடியில தொட்டியா? மேலாக்கத் தொட்டுட்டு கையெழுத்துப் போடறதுக்கா உனக்குச் சம்பளம்?"

மழைக்காலத்தில் வாரக்கணக்கில் அவருக்குப் பில்லே இருக்காது. கோபம் மட்டும் இருக்கும். மேகத்தைப் பார்த்துத் திட்டுவார், மேகம் பதில் சொல்லாவிட்டால் என்னைத் திட்டுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. வடக்கோடு ஒப்பிட்டால் தெற்கில் எடை பாதிதான், வேலையில் மெத்தனம், ஆளை மாற்றவும் என்று. அந்த வேலையை வைத்துத்தான் அக்கா வீட்டு வாடகை கட்டிக்கொண்டிருந்தார். பஞ்சாயத்து செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டுக் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"ஏன்ரீ, அந்தம்மாகிட்ட சொல்லுங்க. ஸ்வல்ப தண்ணி தெளிச்சா வெயிட்டும் சரியாகும், நம்ம ரிப்போர்ட்டும் சரியாகும்."

நானும் வெட்கமில்லாமல் போய்ச் சொன்னேன்.

"தண்ணிக்குக் காசு வாங்க நான் என்ன டேங்கர் லாரியா? அந்தாளு டியூப் வச்சு ஊத்துறது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா எழுதேன். பேனாவுல மை இல்லியா?"

மை இருந்தது. நான்தான் எழுதவில்லை.

அக்கா சும்மா இருப்பாரா? அடுத்த கிராம சபையில், கான்ட்ராக்டரின் பேப்பர் கட்டு ஒன்றைத் தரதரவென்று இழுத்து வந்து தலைவர் மேஜைமேல் போட்டார். செருப்பைக் கழற்றினார். மேஜைமேல் ஏறி, கட்டின்மேல் நின்று, மண் மிதிப்பதுபோல மிதித்தார். தண்ணீர் நாலு பக்கமும் ஓடித் தீர்மானப் புத்தகத்தை நனைத்தது. "பாருங்க, இதுக்குத்தான் உங்க வரிப்பணம்!" ஊரே கை தட்டியது. கான்ட்ராக்டரும் கை தட்டினான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சபை கூடிக் கூடிப் பேசிக் கண்டுபிடித்த தீர்வு என்ன தெரியுமா? எடையில் மோசடி நடக்கிறது, ஆகவே இனி எடையே வேண்டாம், டிரிப்புக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடலாம்!

மறுநாளிலிருந்து டிராக்டர் தினம் ஐந்து டிரிப் அடித்தது. நாலு டிரிப் காலி. ஒரே ஒரு சாக்கு மூட்டை நாள் முழுக்க ஊர் சுற்றிப் பார்த்தது. வண்டி நிறையாமல் திரும்ப மாட்டேன் என்ற அக்காவுக்கு இரண்டு நாளைக்கு ஒரு டிரிப். திருட்டைக் காட்டிக்கொடுத்தவருக்குத் தண்டனை, திருடனுக்கு டீசலும் சேர்த்துக் கூலி. இரண்டே மாதத்தில் 'டிரிப் குறைவு' என்று அக்காவுக்கு நோட்டீஸ் போனது. டைப் அடித்தவன் நான்.

கடைசி நாள் வண்டியை நிறுத்திவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

"இன்னிக்கு முக்கா வண்டிதான் கெடச்சுது. முக்கா டிரிப்னு எழுது."

"முக்காலெல்லாம் எழுத முடியாதுக்கா. ஒண்ணுன்னு போட்டுட்டேன்."

எட்டிப் பார்த்தார். "அடிச்சுட்டு எழுது. போற அன்னிக்காவது என்னைத் திருடியாக்காம அனுப்பு."

அடித்தேன். முக்கால் என்று எழுதினேன். அதைப் படித்துப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

அடுத்த வருடம் வந்த ஆடிட்டர், பக்கம் பக்கமாக இருந்த காலி டிரிப்புகளையெல்லாம் தாண்டி, நேராக அந்த வரியில் விரலை வைத்தார். "இதென்ன முக்கால் டிரிப்? தப்பா இருக்கே."

எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "அது ஒண்ணுதான் சார் நிஜம். மத்ததெல்லாம் பொய். நான்தான் எழுதினேன்!" என்று ஆபீஸ் அதிரக் கத்திவிட்டேன்.

எனக்கு மெமோ கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். நான் கத்தியதைக் கேட்க அன்று அக்கா அங்கே இல்லையே என்பதுதான் இன்றுவரை என் வருத்தம்.