காலிஃப்ளவர் பிரியாணி பற்றி ஹபீபுர் ரஹ்மானுக்கு

சேசு மரி சூசை

ரோசரி சர்ச் ரோடு,
மயிலாப்பூர்.
செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை.

மதிப்புக்குரிய தம்பி ஹபீபுர் ரஹ்மானுக்கு, சோஃபியாவின் பாட்டி சவரியம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே எங்கள் வீட்டில் என் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். அங்கே உங்கள் வீட்டிலும் அந்தக் காலிஃப்ளவர் விஷயத்தைத் தவிர எல்லாரும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன்.

நான் யாரென்று உங்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் 'நோன்பு' என்று ஒன்று இருக்கிறதே, போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரே பார்க்கிற இடத்தில் அதை இருபத்திரண்டு வரி திட்டி எழுதினீர்களே, அதைச் செய்தவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். ஆனால் நீங்கள் தமிழில் எழுதியிருந்ததால் இருபத்திரண்டையும் நானே பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டேன். உங்க விருந்துச் சமையல் கடைப் பெயரும் ஈக்காட்டுத்தாங்கல் விலாசமும் கீழே போட்டிருந்தீங்க, அதனாலதான் இந்தக் கடிதம் உங்க கைக்கு வருது.

உங்க கடைக்கு புரோகிராம் எழுதினவர்னு நீங்க சொல்லியிருந்த மருமகன் வலியுல்லா இதையெல்லாம் உங்களுக்கு விளக்கினாரோ என்னவோ, நானே சொல்லிடறேன். நோன்புங்கிறது ஒரு லைப்ரரி. லைப்ரரின்னா புத்தகம் கிடையாது, மத்த புரோகிராமெல்லாம் வந்து சந்தேகம் கேட்டுட்டுப் போற ஒரு புரோகிராம். ஒரு தேதியைக் குடுத்தா அன்னிக்கு யார் யார் கறி சாப்பிட மாட்டாங்கன்னு அது சொல்லும். அமாவாசை, கிருத்திகை, புரட்டாசி சனிக்கிழமை, எங்க தவக்கால வெள்ளி, எல்லாம் அதுக்குத் தெரியும். உங்க ரமலான்ல கறிக்குத் தடை இல்லை, மதியச் சாப்பாடுதான் இல்லைங்கிறதையும் தனியாச் சொல்லும். சோஃபியாவோட ஆபீஸ் கேன்டீன்ல ஒரு வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை அன்னிக்குப் பார்த்து எல்லாருக்கும் சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ் இனாம்னு போட்டான், இவ தட்டைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்து அன்னிக்கே உக்காந்து எழுத ஆரம்பிச்சதுதான் இது. எழுதினதை மூடி வைக்கலை. உள்ளே என்ன இருக்குன்னு யாரும் பார்க்கலாம், காசில்லாம எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், அதுக்கு ஓப்பன் சோர்ஸுன்னு பேரு. பினாங்குல ஒரு ஹாஸ்டல், டொரன்டோவுல ஒரு கோயில், இங்க மயிலாப்பூர்லயே ஒரு மெஸ், மொத்தம் இருநூத்தி முப்பது இடத்துல என் பேத்தியைக் கேட்டுட்டுத்தான் அடுப்பு பத்த வைக்கிறாங்க. இதை நான் மார்க்கெட்ல, கோயில்ல, பல் டாக்டர்கிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன், உங்ககிட்டயும் சொல்லிட்டேன்.

அதுல எனக்கும் வேலை உண்டு. ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னாடியும் அந்த வருஷத்து நாளையெல்லாம் பிரின்ட் போட்டு எடுத்துட்டு வருவா. கிறிஸ்தவங்க நாளுக்கு நான் சிவப்புப் பேனாவால டிக் போடுவேன், உங்க நாளுக்குப் பக்கத்து ஃபிளாட் ஜமீலுன்னிசா. இந்துக்கள் நாளுக்குக் கீழ் வீட்டு அம்பியைக் கேட்டோம், அவர் பேப்பரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துட்டு, "எங்காத்துல முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் டிக்தான் சவரியம்மா, நான் எதைன்னு போடறது?" ன்னாரு. அப்புறம் அவரோட ஆபீஸ் சிநேகிதங்களைக் கேட்டுப் போட்டுக் குடுத்தாரு. இவ்வளவு பார்த்துத்தான் வெளியில விடறோம்.

அதுவும் எப்படி விடறோம்? எங்க கோயில்ல ஒரு கலியாணம்னா மூணு ஞாயித்துக்கிழமை பூசையில ஓலை வாசிப்பாங்க. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கலியாணம், தடை ஏதாவது தெரிஞ்சவங்க சாமியார்கிட்ட வந்து சொல்லுங்கன்னு. மூணு வாரமும் ஒருத்தரும் வாயைத் திறக்காட்டித்தான் தாலி. இந்த மூணாம் வெளியீடு கொஞ்சம் பெரிய மாற்றம் பாட்டி, எனக்கு பயமா இருக்குன்னு சோஃபியா சொன்னப்ப, ஓலை வாசிடின்னு நான்தான் சொன்னேன். ஆகஸ்டு இருபத்திநாலு முதல் ஓலை, முப்பத்தொண்ணு ரெண்டாம் ஓலை, செப்டம்பர் ஏழு மூணாம் ஓலை. புதுசு இப்படி இருக்கும், எடுத்துப் பரிட்சை பண்ணிப் பாருங்க, தடை இருந்தா சொல்லுங்கன்னு மூணு ஞாயிறும் பொதுவுல போட்டா. நீங்க வரலை, உங்க மருமகனும் வரலை. எட்டாம் தேதி மாதா பிறந்தநாள் அன்னிக்கு நோன்பு மூணு புள்ளி சைபர் வெளியாச்சு. தாலி கட்டி ஆறு நாள் கழிச்சு வந்து பெண்ணுக்குக் கண்ணு சரியில்லைன்னா யாருக்குத் தம்பி கோபம் வராது?

அந்த நம்பர் எதுக்குன்னும் சொல்றேன். முப்பது வருஷம் நான் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தச்சவ, அந்தக் கணக்குல சொன்னாத்தான் எனக்கு வரும். கடைசி நம்பர் மாறினா தையல் பிரிஞ்சதைத் தச்சிருக்குன்னு அர்த்தம். நடு நம்பர் மாறினா புதுசா ஒரு பாக்கெட் வச்சிருக்கு. முதல் நம்பர் மாறினா அளவே மாறிடுச்சு, பழைய உடம்புக்கு ஏறாது, போட்டுப் பார்க்காம எடுக்கக் கூடாது. ரெண்டு வரைக்கும் நோன்பைக் கேட்டா, கறி 'உண்டு', 'இல்லை'ன்னு ஒரே வார்த்தையில சொல்லும். மூணுல அந்த வார்த்தைகளை எடுத்துட்டு, யார் யார் சாப்பிட மாட்டாங்கன்னு பட்டியல் குடுக்கும். யாருக்கும் தடை இல்லாத நாள்னா ஒரு பேரும் இல்லாத வெறும் பட்டியல் வரும். உங்க கடை மிஷின் என்ன பண்ணுது? 'உண்டு'ங்கிற வார்த்தை வந்தா ஆட்டுக்கறி, வராட்டி காய்கறின்னு மாஸ்டருக்கு ஷீட் அடிச்சுக் குடுக்குது. இனி எந்த ஜென்மத்துல 'உண்டு' வரும்? மூணு வேண்டாம்னா ரெண்டுலயே நில்லுன்னு மிஷினுக்கு ஒரு வரி எழுதி வச்சிருக்கலாம், அதுக்கு வசதி இருக்காம். உங்க வீட்டுல சனிக்கிழமை சனிக்கிழமை புதுசு எது வந்தாலும் தானா எடுத்துக்கோன்னு எழுதி வச்சிருக்கீங்க. அது எடுத்துக்கிச்சு.

ஞாயித்துக்கிழமை தி. நகர் மண்டபத்துல நடந்ததை நீங்க எழுதியிருந்த மாதிரியே நான் ஜமீலுன்னிசாவுக்கும் படிச்சுக் காட்டினேன். நிக்காஹ் விருந்து, நானூறு பேர், பிரியாணி தேக்சா மூடியைத் திறந்ததும் பெண்ணோட அப்பா அன்வர் பாஷா எட்டிப் பார்த்து, "இன்னா பாய், ஆடு எங்க?" ன்னு கேட்டாரு. நீங்க கரண்டியை அடி வரைக்கும் விட்டுத் தேடினீங்க. மேல வந்தது அத்தனையும் காலிஃப்ளவர். சமையல் மாஸ்டரைக் கூப்பிட்டா அவர் சட்டைப் பையிலேருந்து தாளை எடுத்து நீட்டி, "ஷீட்ல சைவம்னு கீது பாய். போன வருஷம் சாம்பல் புதன் அன்னிக்கு ஜெபக் கூட்டத்துக்கு மட்டன் போட்டதுக்கு நீங்கதானே கத்துனீங்க, இனிமே ஷீட்டுதான் சட்டம்னு" ன்னாரு. மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர் ஒருத்தர், "பரவால்ல, ஆடு லீவு போட்டுட்டு வெளியூரு போய்க்கினு இருக்கும், வர்ற வரிக்கும் தயிர் பச்சடி சாப்பிடுவோம்" னாரு. இந்த இடத்துல ஜமீலுன்னிசா சிரிச்சிட்டா. நான் அதட்டினேன். பெண்ணைப் பெத்தவர் நானூறு பேர் முன்னாடி நிக்கிறப்ப அது சிரிக்கிற விஷயம் இல்லை. அதுல உங்க பக்கம்தான் நான்.

ஆனா கடைசி வரி எழுதினீங்களே, "சும்மா கிடைக்கிறது இப்படித்தான் இருக்கும்" னு. அதுதான் தம்பி வினை. மத்த இருபத்தொரு வரியையும் சோஃபியா படிச்சா, தலையை ஆட்டிக்கிட்டா, பேப்பர்ல குறிச்சுக்கக்கூட செஞ்சா. இருபத்திரண்டாவது வரிக்கு வந்ததும் கம்ப்யூட்டரை மூடிட்டா. "பூட்டிடறேன் பாட்டி" ன்னா. எதைடின்னேன். "நோன்பைத்தான். இனி யாரும் கேள்வி கேக்க முடியாது, நானும் பதில் சொல்ல வேண்டாம். இருக்கிறது இருக்கிறபடி அப்படியே கிடக்கட்டும்" னா. திங்கள்லேருந்து தொடவே இல்லை. ஆபீஸ் போறா, வர்றா, மீன் குழம்பு வச்சா ரசம் போதும்ங்கிறா. பதினேழு பேர் கேள்வி போட்டுட்டுக் காத்திருக்காங்க, டொரன்டோ கோயில்காரங்க ரெண்டு தரம் போட்டுட்டாங்க. நாளைக்குப் புரட்டாசி முதல் சனிக்கிழமை, அந்த மெஸ்ஸுல என்ன பொங்குவாங்களோ. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் பூட்டிடுவேன்னு சொல்லியிருக்கா. அவ சொன்னா செய்வா, என் ரத்தம்.

அதனால நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணு. உங்க புகாரை எடுக்கச் சொல்லலை, அது நியாயமான புகார், இருக்கட்டும். அந்தக் கடைசி வரியை மட்டும் திரும்ப வாங்கிக்கிட்டேன்னு அதே இடத்துல, ஊர் பார்க்கிற மாதிரி, ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு வரி எழுதுங்க. ஏன்னா தப்பு அவ மேல இல்லை. அளவு மாறியிருக்கு, பழசு வேலை செய்யாது, பார்த்து எடுங்கன்னு வெளியீட்டுக் குறிப்புல பெரிய எழுத்துல போட்டிருக்கா. அந்தக் குறிப்பை ஒழுங்கு பண்ணினதே நான்தான். முன்னெல்லாம் அவ எழுதற குறிப்பு துக்கச் செய்தி மாதிரி மொட்டையா இருக்கும். ஒரு நல்ல காரியத்துக்குப் பத்திரிகை அடிச்சா எப்படி அடிப்போம், அப்படி எழுதுடின்னு பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தேன். அவ்வளவு லட்சணமான குறிப்பை உங்க வீட்டுல ஒருத்தர் ஒரு தரம் படிச்சிருந்தா, அன்வர் பாஷா வீட்டுக் கலியாணத்துல ஆடு இருந்திருக்கும்.

மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. உங்க வீட்டுல அம்மாவுக்கும் மருமகன் வலியுல்லாவுக்கும் என் அன்பைச் சொல்லுங்க. ஷீட்டை நம்பின மாஸ்டரைத் திட்ட வேண்டாம். உங்க அடுப்பும் உங்க பேரும் எந்தக் குறையும் இல்லாம விளங்க ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் தாய் வயதுள்ள
சவரியம்மாள்

பின்குறிப்பு: கவர் ஒட்டறதுக்கு முன்னாடி உங்க பின்கோடு கேக்கப் போய் சோஃபியா இந்தக் கடிதத்தைப் பிடுங்கிப் படிச்சிட்டா. அஞ்சு நாள் கழிச்சு முதல் தடவையா சிரிச்சா, அதுவும் காலிஃப்ளவர் கிட்ட இல்லை, குறிப்பு கிட்ட வந்ததும். "பெரிய எழுத்துலன்னு எழுதியிருக்கியே பாட்டி, அது எத்தனாவது வரியிலன்னு பார்த்தியா?" ன்னா. கம்ப்யூட்டரைத் திறந்து வச்சு, நான் விரலை வச்சு எண்ணினேன். மூவொரு கடவுளுக்கு நன்றி, மாதாவுக்கு நன்றி, பங்குச் சாமியார், அவ அப்பா அம்மா, பாலவாக்கத்துச் சித்தப்பா குடும்பம், சரி பார்த்த ஜமீலுன்னிசா, அம்பி, முப்பத்தொண்ணாவது வரியில பட்டப்பேர் மாதிரி 'முதன்மைப் பரிசோதகர்'னு நான், அதுக்கப்புறம் தங்கள் நல்வரவை நாடும் உற்றார் உறவினர். எச்சரிக்கை நாப்பத்திமூணாவது வரி. அவ முதல்ல அதை முதல் வரியாத்தான் எழுதியிருந்தா. நல்ல காரியத்துல எடுத்த எடுப்பிலேயே வேலை செய்யாதுன்னா எழுதறதுன்னு கீழே தள்ளச் சொன்னது நான். ஆகவே தம்பி, மேலே நாலு பக்கத்துல எழுதினதெல்லாம் உங்களுக்கு இல்லை, எனக்குன்னு வச்சுக்குங்க. ஸ்டாம்ப் ஒட்டியாச்சு, அதனால அனுப்பறேன். இதை முதல்ல எழுதியிருக்கணும் பாட்டின்னு இதுக்கும் சொல்றா. முதல் வரியில இடம் இல்லை, அங்க சேசு மரி சூசை இருக்கு.

திறந்த கம்ப்யூட்டரை அவ மூடலை. ரெண்டு மணி நேரம் உக்காந்து, பழைய மாதிரி 'உண்டு, இல்லை' கேக்கிறவங்களுக்கும் பதில் வர்ற மாதிரி மூணு புள்ளி சைபர் புள்ளி ஒண்ணு தயார் பண்ணிட்டா. தையல் பிரிஞ்சதுக்கு ஓலை வேண்டாம்னு இன்னிக்கே வெளியிட்டாச்சு. குறிப்புல நன்றியெல்லாம் எடுத்துட்டா. மொத்தம் மூணே வரி. முதல் வரி எச்சரிக்கை. ரெண்டாவது வரி, பிழையைக் கண்டு சொன்னவர்: ஹபீபுர் ரஹ்மான். மூணாவது வரி, பிழைக்குக் காரணம்: சவரியம்மாள். இருநூத்தி முப்பது இடத்துலயும் இதைப் படிப்பாங்க. முப்பத்தொண்ணாவது வரியில இருந்தவ மூணாவது வரிக்கு வந்துட்டேன். ஜமீலுன்னிசாவைக் கூப்பிட்டுக் காட்டியாச்சு.