செய்துவிட்டுச் சொல்லும் வகுப்பு

"ஐ ஹேவ் லாக்ட் த டோர்!"

தையல்காரம்மா கதவைப் பூட்டிவிட்டுக் கணீரென்று சொன்னதும் டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை.

பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு அது. பிரசன்ட் பெர்ஃபெக்ட் பாடத்துக்கு டீச்சர் ஒரு சட்டமே போட்டிருந்தார்: காரியத்தைச் செய்து முடித்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். கடைசி பெஞ்சில், வகுப்பைச் சோதிக்க வந்த கல்வித் துறை ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். இந்த மாதம் மட்டும் மூன்று வகுப்புகளை இழுத்து மூடிய மகானுபாவர். இங்கேயும் 'சரியில்லை' என்று எழுதிவிட்டால் டீச்சருக்கு வேலை போய்விடும். அவரோ வந்ததிலிருந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதித் தள்ளினார்.

"அடுத்து நீங்க."

லாரி டிரைவர் எழுந்தார். தையல்காரம்மாவிடம் சாவியை வாங்கி ஜன்னல் வழியே வீசினார். "ஐ ஹேவ் த்ரோன் த கீ!"

வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. பாராட்டுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று டீச்சர் திணறினார்.

"எங்க போட்டீங்க?"

"சாக்கடையில, டீச்சர்."

"எனக்கு அஞ்சு மணிக்கு ரயில்!" ஆய்வாளர் துள்ளி எழுந்தார்.

"பதறாதீங்க சார், இதோ" என்று எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூ டிரைவரால் பூட்டை நோண்டினார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. "ஐ ஹேவ் ப்ரோக்கன் த ஹேண்டில்" என்றார் பணிவாக.

"ஐ ஹேவ் கால்ட் த வாட்ச்மேன்" என்றார் டிரைவர், போனைக் காதிலிருந்து எடுத்தபடி.

"என்ன சொன்னாரு?"

"எடுக்கவே இல்ல, டீச்சர்."

டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மணி நாலரை. ஆய்வாளர் கதவைக் குத்தினார், ஜன்னல் கம்பியை உலுக்கினார், வியர்த்து விறுவிறுத்துப் போனார்.

"சார், சும்மா நிக்கிற நேரத்துல அந்த ரிப்போர்ட்டையாவது முடிச்சிடுங்களேன்" என்றார் தையல்காரம்மா. "நீங்க நல்லபடியா எழுதுங்க. நாங்க அதுக்குள்ள கதவை ஒரு வழி பண்ணிடறோம்."

ஆய்வாளர் அவரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாளில், 'வகுப்பு மிக நன்று, தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு டீச்சரிடம் நீட்டினார்.

தையல்காரம்மா பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். ஆய்வாளர் எதையும் கேட்க நிற்காமல் ஸ்டேஷனைப் பார்த்து ஓடினார்.

டீச்சர் தாளைப் பிடித்தபடி திகைத்து நின்றார். "சாக்கடையில விழுந்த சாவி உங்க பைக்குள்ள எப்படிம்மா வந்துச்சு?"

"அங்க விழுந்தது எங்க வீட்டுப் பழைய பீரோ சாவி, டீச்சர். மனுஷன் கையெழுத்துப் போடாம வாசலைத் தாண்டக் கூடாதுன்னு நாங்க நேத்தே பேசி வச்சுக்கிட்டோம்."