பிரதிவாதிக்கு வாய்தா

வாசகரே, சற்றே எழுந்து சாட்சிக் கூண்டில் ஏறுங்கள். குறுக்கு விசாரணை இல்லை, அஞ்சவேண்டாம். மேடைப் பேச்சில் வளர்ந்த எனக்கு, எதிரே ஒரு முகமாவது இல்லையென்றால் வாய் திறக்க வராது, அவ்வளவுதான். ஏறிவிட்டீர்களா? நன்று. என் கூற்று இது: காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்தத் தீவில், செய்யவேண்டியதைத் தள்ளிப்போடுவதில் வாய்தா மாமாவை வென்றவர் இதுவரை பிறக்கவில்லை. பிறக்கவிருந்தாலும், அந்தப் பிரசவத்தையும் அவர் தள்ளிவைத்திருப்பார்.

அவருடைய இயற்பெயர் எங்கள் ஸ்ரீரங்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் எவருக்கும் தெரியாது. சிவில் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர். வழக்கைக் கூப்பிடுவதும், அடுத்த தேதியை அறிவிப்பதும் அவர் தொழில். தொழில் ஓய்வு பெற்றது; பழக்கம் ஓய்வு பெறவில்லை. வாசலில் காஸ் சிலிண்டர் வந்து நின்றால், "இன்னிக்கு லிஸ்ட் ரொம்பப் பெரிசு. திங்கக்கிழமை எடுத்துக்கலாமா?" என்பார். ஆடிக்கொண்டிருந்த ஒரு பல்லைப் பிடுங்குவதற்கு வாய்தாமேல் வாய்தா கொடுத்தார். முடிவில் முறுக்கு ஒன்றைக் கடித்தபோது அது தானாகவே விழுந்தது. "சமரசமாப் போயிடுத்து" என்று அறிவித்துவிட்டு மிச்ச முறுக்கைத் தின்றார்.

குடியிருப்போர் சங்கத்துக்கு அவரையே செயலாளர் ஆக்கியது எங்கள் பெரியவர்களின் துணிச்சல். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவும் தீர்மானம் அவர் கையில் சிக்கிக் கூட்டம் கூட்டமாக ஒத்திவைக்கப்பட்டது. ஒருநாள் எங்கள் வீட்டுக் குழாயிலிருந்து என் அப்பாவின் குவளையில் ஒரு தலைப்பிரட்டை விழுந்தது. அப்பா குவளையோடு போய் நின்றார். மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கால் முளைக்கட்டும் சார். அப்புறம் விசாரிக்கலாம்."

இத்தகைய மனிதருக்கு வாய்த்த மனைவி யார் தெரியுமா? ஜங்ஷனில் ரயில் விசாரணைக் கவுன்ட்டரில் பணியாற்றி ஓய்வுபெற்ற மாமி. எதுவும் நேரத்துக்குக் கிளம்பவேண்டும் என்பது அவர் வேதம். "இட்லி ஆச்சா?" என்று மாமா கேட்டால், "இட்லி சரியான நேரத்தில் வந்துகொண்டிருக்கிறது" என்று அடுக்களையிலிருந்து அறிவிப்பு வரும். நேரமே இல்லாத கோர்ட்டும், நேரத்தைத் தவிர ஏதுமில்லாத ரயிலும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்திய அதிசயத்தை எதிர்வீட்டில் இருந்து கண்டவன் நான்.

மூன்றாவதாக அவ்வீட்டில் ஒரு பூனை இருந்தது. குட்டியாய்ப் படியேறி வந்து பாலைக் குடித்துவிட்டது. மாமி வழக்குத் தொடுத்தார். மாமா சிவில் கோர்ட் ஆசாமி. ஆகவே திருட்டு வழக்கானாலும் அவருக்குக் குற்றவாளியும் பிரதிவாதிதான். வழக்கம்போல் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. பூனை பிரதிவாதியாகவே வீட்டில் தங்கிவிட்டது. பெயரும் அதுவே ஆயிற்று. சாப்பாட்டு வேளையில் மாமா நடுக்கூடத்தில் நின்று, கோர்ட் முறைப்படி மூன்று தரம் கூப்பிடுவார்: "பிரதிவாதீ! பிரதிவாதீ! பிரதிவாதீ!" மூன்றாவது அழைப்புக்குத்தான் அது பீரோவுக்கு அடியிலிருந்து வெளிவரும்.

உலகில் உள்ள நோய்களுக்கெல்லாம் பிரதிவாதி தன் உடலில் கிளை திறந்து வைத்திருந்தது. சிறுநீரகம் பழுது. மூச்சிரைப்பு வேறு. ஈறு வீக்கம் அவ்வப்போது வந்துபோகும் விருந்தாளி. மாமா அதற்கு மருந்து கலந்து கொடுப்பதில் மட்டும் ஒரு வேளையும் தவறியதில்லை என்பதைச் சாட்சியாகிய நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

வழக்கு தொடங்கியது தடுப்பூசியில். முந்தைய ஆண்டு ரேபிஸுக்கு ஒன்று, பூனைக்குப் பூனை தொற்றும் நோய்களுக்கு ஒன்று என ஒரே நாளில் இரண்டு ஊசி போட்டார்கள். வீடு திரும்புவதற்குள் பிரதிவாதியின் முகம் பணியாரமாய் உப்பியது, வாந்தி, அன்று முழுதும் அது பீரோவுக்கு அடியில், மாமா பீரோவுக்கு எதிரில். அடுத்த ஆண்டு ஊசிக்கு நாள் வந்ததாக டாக்டரிடமிருந்து செய்தி வந்தபோது, "பிரதிவாதியின் உடல்நிலையை முன்னிட்டு வாய்தா" என்று பதில் அனுப்பினார். மறுபடி செய்தி, மறுபடி வாய்தா. அச்சமயம் பார்த்துக் கீழே தெருநாய் ஒன்று வாட்ச்மேனைக் கடித்தது. மேலே குரங்குகள் பால்கனிக்கு வந்து பிரதிவாதியை முறைத்துவிட்டுப் போயின.

மாமி கொதித்தார். "வருஷா வருஷம் எல்லா ஊசியும் போட்டாகணும். டைம்டேபிள்னா டைம்டேபிள்!"

"இனிமே ஊசியே கிடையாது. போன தடவை மூஞ்சியப் பாத்தியோன்னோ?"

"நாய் கடிச்சா?"

"அப்பப் பாத்துக்கலாம்."

"ரேபிஸ் வந்தப்புறம் என்னத்தப் பாக்கறது? உங்களுக்குச் சொல்லி எனக்குத் தொண்டை போச்சு. எதிராத்துல ஒரு பேச்சாளன் இருக்கான், அவன் சொல்லட்டும்."

அன்று நான் ஆற்றிய உரை, கல்லூரிகளுக்கிடையிலான எந்த மேடையிலும் நான் ஆற்றியதைவிடச் சிறந்தது. "ஊசியின் வலி ஒரு நொடி, ஊசியின்மையின் வலி உயிர்!" என்று முடித்தபோது மாமி கைதட்டினார். என் அம்மா எட்டிப்பார்த்துக் கைதட்டினார். மின்விசிறி பழுது பார்க்க வந்தவர் ஏணியில் நின்றபடியே கைதட்டினார். மாமாவின் கண்கள் கூடக் கலங்கின. வென்றோம் என்று நான் துண்டை உதற, அவர் எழுந்து என் கையைப் பற்றினார்.

"பேச்சாளரே, வாதம் பிரமாதம். தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது."

நான் தோற்றேன் என்று இன்றுவரை ஒப்புக்கொள்ளாதது அதனால்தான். தீர்ப்பு நிலுவையில் இருக்கிறது, அவ்வளவே.

"அதெல்லாம் சரி," என்றார் மாமி. "ஆட்டோ கீழே நிக்கறது. கூடையை எடுடாப்பா."

கூடையும் பூனையும் என் மடியில். இருபுறமும் கோர்ட்டும் ரயிலும். காவிரிப் பாலத்தில் வண்டிகள் அசையாமல் நின்றன. மாமாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியா, பாலமே வாய்தா குடுக்கறது! திரும்பிடலாம்." மாமி ஆட்டோக்காரரைப் பார்த்தார். ஆட்டோக்காரர், எந்தப் பக்கம் வம்பு குறைவு என்று கணக்கிட்டு, ஒரு லாரிக்கும் பேருந்துக்கும் இடையே வண்டியைச் செருகினார்.

தில்லைநகர் மருத்துவமனையில் காத்திருந்தோம். உள்ளிருந்து உதவியாளர் எட்டிப் பார்த்து, செல்லப்பிராணியின் பெயரைக் கூவினார்: "பிரதிவாதி! பிரதிவாதி! பிரதிவாதி யாருங்க?"

ஆயுள் முழுதும் பிறரைக் கூப்பிட்ட மனிதர், முதன்முறையாகத் தாம் கூப்பிடப்பட்டதைக் கேட்டு எழுந்து நின்றார். கைகள் தாமாகவே குவிந்தன. "ஆஜர்," என்றார்.

டாக்டர் இளம்பெண். பூனையின் நெஞ்சைக் கேட்டார், வாயைத் திறந்து பார்த்தார், ரத்தப் பரிசோதனை முடிவைப் படித்தார்.

"கிட்னி போன தடவைய விட மோசமாகல. உடம்பு நிலையா இருக்கு. இப்ப ஊசி போடலாங்க."

"ரெண்டும் போட்டுடுங்கோ டாக்டர்," என்றார் மாமி.

"ஒண்ணும் வேண்டாம் டாக்டர்," என்றார் மாமா.

டாக்டர் இருவரையும் பார்த்தார். "ரேபிஸ் மட்டும் இன்னைக்கு. அதத் தள்ளவே கூடாது, வருஷா வருஷம் போட்டுரணும். போன தடவை வீங்கினதால முன்னாடியே ஒரு மருந்து கொடுத்துட்டு, ஊசி போட்டப்புறம் கொஞ்ச நேரம் இங்கயே வெச்சுப் பார்ப்போம். அந்த இன்னொரு ஊசி இருக்கே, அது குட்டியில இருந்து ஒழுங்காப் போட்டிருக்கு. இவன் மத்த பூனைங்களோட பழகுறதும் இல்ல. அத மூணு வருஷத்துக்கு ஒரு தடவை போட்டா போதும்; போன வருஷம் போட்டாச்சு, இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதுவும் அப்ப உடம்பப் பார்த்துட்டு, வேற ஒரு நாள்ல."

மாமி டைம்டேபிளைத் திருத்திக்கொள்ளத் தொடங்கினார். நான் ஒரு பாராட்டுரைக்குத் தொண்டையைச் செருமினேன். மாமா மட்டும் அசையவில்லை. எங்கள் காதில் விழுந்தது ஊசி. அவர் காதில் விழுந்தது வேறு.

"ரெண்டு வருஷமா?" என்றார் மெதுவாக. "ரெண்டு வருஷம் இருப்பானா, டாக்டர்?"

வாசகரே, நான் பேச்சாளன். எந்த இடைவெளியையும் நிரப்பப் பழகியவன். அந்த இடைவெளியில் பாராட்டுரையை விட்டுவிட்டு, பூனையை அவர் கைப்பக்கம் நகர்த்தினேன்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார். "தேதி போட்டுச் சொல்ல என்னால முடியாது சார். ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு இவனக் கூட்டிட்டு வாங்கன்னுதான் சொல்றேன்."

"அப்ப இதுவும் வாய்தாதானே?"

"வாய்தாதான் சார். நல்ல வாய்தா."

மாமா பூனையின் தலையைத் தாமே பிடித்துக்கொண்டார். ஊசி இறங்கியபோது கண்ணை மூடிக்கொண்டவர் அவர்தான். பிரதிவாதி கொட்டாவி விட்டது. காத்திருந்த நேரம் முழுதும் அதன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் முகமாகவே இருந்தது.

திரும்பும்போதும் பாலத்தில் நெரிசல். இம்முறை மாமா கூடையைத் தம் மடியிலேயே வைத்துக்கொண்டார். மூடியைக் கொஞ்சம் விலக்கினார். பக்கத்து ஸ்கூட்டர்காரர் ஹெல்மெட்டோடு திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, பழைய கோர்ட் குரலில் உரக்கச் சொன்னார்:

"பிரதிவாதீ! அடுத்த வருஷம் ஆஜராகணும். அதுக்கு அடுத்த வருஷம் ரெண்டு ஊசிக்கும் ரெண்டு நாள் ஆஜராகணும். நானே கூட்டிண்டு வரேன். நீ வந்தாப் போறும்டா; என் தரப்புல இனிமே வாய்தா கேக்கமாட்டேன்."