பட்டது தெரியாத பந்து

தகப்பன்மாரில் கவசத் தகப்பன் என்று ஒரு ரகம் உண்டு. கோடை பிறந்ததும் எங்கள் கான்சாஸ் பக்கத்து பேஸ்பால் மைதானங்களில் தென்படுவார். அடையாளம் காண்பது எப்படி? மற்றவர்கள் மடக்கு நாற்காலியில் சாய்ந்து சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டிருக்க, இவர் மட்டும் பிள்ளை முன்னால் மண்டியிட்டு ஏதாவதொரு வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருப்பார்.

எங்கள் வெண்டலையே எடுத்துக்கொள்ளுங்களேன். பயந்த வமிசமா என்றால் இல்லை. அவர் அப்பா எல்மோ முன்பல் இரண்டையும் பந்துக்குக் கொடுத்துவிட்டு, அந்தச் சந்து வழியாகவே கடைசிவரை விசிலடித்தவர். சித்தப்பா ஆர்லோ துணித்தொப்பியோடு நின்று தலையில் வாங்கி, அன்றைக்கு மட்டும் பெண்டாட்டி பெயரை மாற்றிச் சொன்னார். அன்றைக்கு மட்டும்தானா என்பது வேறு கதை. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த வெண்டல், மகள் டெஸ்ஸா மட்டை பிடித்ததும் கடை கடையாக ஏறி இறங்கினார். ஹெல்மெட் வாங்கினார், அதில் முகத்துக்குக் கம்பி வலை, தாடைக்கு ஒரு மடல், நெஞ்சுக்குப் பலகை மாதிரி ஒன்று, பல்லுக்கு ரப்பர், மணிக்கட்டுக்கு, முழங்காலுக்கு, சறுக்கி விழுந்தால் விரல் மடங்காமலிருக்க அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் உறை போல ஒன்று. இத்தனையும் போதாமல் முழங்கைக் கவசத்துக்குள் தன் கையாலேயே கனத்த ஸ்பாஞ்சு ஒன்றும் வைத்துத் தைத்தார். பிள்ளை எங்கே? உள்ளேதான்.

"பீரோ நடந்து வருது, வழி விடுங்கப்பா" என்பார்கள் எதிரணித் தகப்பன்மார்.

"ஏங்க, அவ கையை மடக்கணுமா வேண்டாமா?" என்பாள் மனைவி லோரீன்.

"மடக்கி என்ன பண்ணப்போறா? முதல்ல முழுசா வீடு வந்து சேரட்டும்."

மடங்காத கையால் பந்தை அடிக்க முடியுமா? பந்தை அடித்துவிட்டு ஓடிப்போய் மிதிக்கவேண்டிய முதல் தளத்தை, கோடை முழுவதும் டெஸ்ஸா ஒருமுறைகூட மிதிக்கவில்லை. "ஒரே ஒரு தடவை அங்க போய் நின்னாப் போதும்ப்பா" என்பாள். அவர் ஒரு வாரை இறுக்குவார்.

கடைசி ஆட்டம் வந்தது. நடுவர், லோரீனின் தம்பி கெர்வின். எங்கள் அணி ஒரே ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தது. மூன்று தளத்திலும் நம் பிள்ளைகள். மட்டையோடு கடைசி ஆளாக டெஸ்ஸா. அவள் முதல் தளத்துக்குப் போனால் மற்றவர்கள் ஆளுக்கொரு தளம் நகர்வார்கள், மூன்றாவதில் நிற்கிற பிள்ளை ஓட்டத்தை முடித்துவிடும், ஆட்டம் சமன். அவுட்டானால் முடிந்தது கதை. எறிகிற பந்து அடிக்கிறவர் மேல் பட்டால் முதல் தளம் சும்மாவே கிடைக்கும். அது எங்கள் ஊர்க் கோழிக்கும் தெரியும்.

மட்டையை வீசி இரண்டு பந்தைத் தவறவிட்டாள், இன்னொன்று அப்படித் தவறினால் அவுட். அடுத்தது எறிந்தவள் கை நழுவி நேரே முழங்கைக்கு வந்தது. ஸ்பாஞ்சு அதைப் பூனை போல வாங்கி, சத்தமில்லாமல் கீழே விட்டது.

வெண்டல் வேலியில் ஏறிவிட்டார். "பட்டுச்சு மாப்ள. முழங்கையில பட்டுச்சு."

"சத்தம் ஒண்ணும் கேக்கலையே அத்தான்." கெர்வின் குனிந்தார். "டெஸ்ஸா, மாமா கேக்கறேன், நெசத்தைச் சொல்லு. மேல பட்டுச்சா?"

அவள் பல் ரப்பரைக் கழற்றி யோசித்தாள். "தெரியலையே மாமா. ஒண்ணும் பட்ட மாதிரி இல்ல."

"வலிக்குதா பாரும்மா" என்று கெஞ்சினார் வெண்டல். "கொஞ்சமாவது வலிக்கும், நல்லாப் பாரு."

"ஒரு பந்துகூடப் படக்கூடாதுன்னு அலைஞ்ச மனுஷன், இப்பப் பட்டுச்சுன்னு சத்தியம் பண்றாரு" என்றாள் லோரீன்.

படவில்லை என்றார் கெர்வின். அடுத்த பந்துக்கு மட்டை பாதி தூரம் வந்தது. கவசம் அதற்கு மேல் விடவில்லை. அவுட்.

எல்லோரும் நாற்காலியை மடக்கும்போது டெஸ்ஸா ஒவ்வொன்றாகக் கழற்றி அப்பா கையில் அடுக்கினாள். பிறகு யாருமில்லாத முதல் தளத்துக்கு ஓடிப்போய் அதன் மேல் நின்றாள். கைநிறையக் கவசத்தோடு அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருந்தினாரா? திங்கட்கிழமை கடைக்காரரிடம் கேட்டார்: "பந்து பட்டாச் சத்தம் கேக்கற மாதிரி கவசம் ஏதாச்சும் இருக்கா?"

சிரிக்கிறீர்கள். நல்லது. எதற்கும் உங்கள் பிள்ளையின் தோளில் மெல்லத் தட்டிப் பாருங்கள். தொட்டது தெரியாமல் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தால், அந்தக் கடைக்கு வழி வெண்டலுக்குத் தெரியும்.