அண்ணி ஜன்னல் வழியாக இறங்கிய காலை

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் தலைகுனிந்து எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மானத்துக்குத்தான் சுகமில்லை. உங்கள் முழங்கை எப்படி இருக்கிறது என்று கேட்கும் தகுதி எனக்கில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

மலையேறுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் கொக்கி எனக்கு எதற்கு என்று, வாங்கிய அன்றே அண்ணன் கேட்டார். "இவ ஆபீஸுக்குப் போறாளா, மாடு கட்டப் போறாளா?" என்றார். நான் கேட்கவில்லை. சாவிக்கொத்துக்கு ஒன்று, தண்ணீர் பாட்டிலுக்கு ஒன்று, குடைக்கு ஒன்று. காய்கறிப் பைகள் ஐந்தையும் ஒரே கொக்கியில் கோத்துத் தூக்கினால் விரல் அறுபடாது என்பது உண்மைதான். பஸ்ஸில் கைப்பையைக் கம்பியோடு மாட்டிவிட்டு, இறங்கும்போது கழற்ற வராமல் டெர்மினஸ் வரை போனதும் உண்மைதான். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை, லாரிக்காரர்கள் சரக்கைக் கட்டும் பட்டைதான் வந்தது. கைப்பிடியை ஆட்ட ஆட்ட இறுகும் அந்தப் பட்டையில் இரண்டு வாங்கிக் காரிலேயே வைத்திருந்தேன், என்றாவது உதவும் என்று.

அந்த 'என்றாவது', நீங்கள் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்கும் நாளாகவா இருக்க வேண்டும்? உங்கள் புத்தக அலமாரியைப் பள்ளிக்குக் கொண்டுபோக வேன் சொல்லியிருந்தீர்கள். நான்தான் வேண்டாம் என்றேன். அலமாரியைக் கார் கூரைமேல் படுக்க வைத்து, ஒரு பட்டையை முன் ஜன்னல்கள் வழியாகவும் இன்னொன்றைப் பின் ஜன்னல்கள் வழியாகவும் விட்டு, பிடி உள்ளே இருந்தால் வழியில் தளர்ந்தாலும் இறுக்கலாம் என்று, இருவரும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு ஆட்டினோம். நீங்கள் ஆட்டியதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆட்டச் சொன்னவள் நான்.

பாதி வழியில் நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள்: "ஏம்மா, பட்டை கதவையும் சேர்த்து இல்ல கட்டியிருக்கு? கதவு எப்படித் திறக்கும்?"

"முதல்ல போய்ச் சேருவோம் அண்ணி" என்றேன். உங்கள் முகத்தைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

பள்ளி வாசலில் தாளாளர் மாலையும் கையுமாக நிற்கிறார். பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். நான் பிடியைத் திருகுகிறேன். மிச்சப் பட்டை முழுவதையும் அதிலேயே சுற்றியிருந்ததால் இறுகிப்போய் அசையவில்லை. கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சேலையோடு நீங்கள் முதலில் காலை வெளியே விட்டு, பிறகு காலை உள்ளே இழுத்துத் தலையை விட்டு, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு... மேலே எழுத என் கை கூசுகிறது. "டீச்சர், நாங்களும் இப்படி இறங்கலாமா?" என்று ஒரு வாண்டு கேட்டது. தாளாளரோ, "நிதானமா வாங்கம்மா, அவசரமில்ல" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இருபது வருடம் காத்திருந்து கிடைத்த நாற்காலி உங்களுடையது. அதில் உட்காரும் முன்பே உங்களைப் பார்த்து ஊர் சிரிக்கும்படி செய்துவிட்டேன். எதையும் இறுக்கிக் கட்டி வைத்தால்தான் எனக்கு மனம் அடங்குகிறது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு மூச்சு முட்டும் என்பது உறைப்பதில்லை. போன் செய்தால், எப்போது செய்தாலும், "அவ குளிக்கிறா" என்கிறார் அண்ணன். அவருக்குப் பொய் சொல்ல வராது என்பது உங்களுக்கும் தெரியும்.

பட்டை, கொக்கி எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். இனி உங்கள் வீட்டுப் பொருள் எதையும் தொடமாட்டேன். இது சத்தியம். ஒரு வார்த்தை பேசுங்கள், அண்ணி. திட்டினாலும் சரி.

அண்ணனுக்கு அன்பு. உங்கள் பள்ளி உங்களால் பெயர் பெறட்டும்.

இப்படிக்கு,
மன்னிப்பை எதிர்பார்க்கும்
உங்கள் நாத்தனார்

பி.கு.: இதைத் தபால் பெட்டியில் போட உங்கள் வாசலுக்கே வந்தேன். கேட்டின் தாழ்ப்பாள் கழன்று, காற்றில் படார் படார் என்று அடித்துக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. பையின் அடியில் ஒரே ஒரு கொக்கி மிஞ்சியிருந்தது, மாட்டினேன். திருகிப் பூட்டுகிற வகை. இப்போது எனக்கே கழற்ற வரவில்லை. நீங்கள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம் என்று தெரியும். தயவுசெய்து ஏறிக் குதிக்க வேண்டாம், அண்ணி. மதிலுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறேன். அண்ணனிடம் அரம் இருந்தால் மேலே நீட்டச் சொல்லுங்கள்.