தூக்க முடிந்தவர் ஓட்டலாம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நகரத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, மரமும் கிணறுமாக இருக்கும் ஒரு மூலையில் போய்க் குடியேறி, "இனிமே நிம்மதி" என்று சொந்தபந்தம் முழுக்கப் போன் போட்டு அறிவித்து, அறிவித்த ஆறாவது மாதமே அந்த நிம்மதியிலிருந்து தப்பி ஓடுவதற்காக ஒரு பெரிய மோட்டார் சைக்கிளை வாங்கி, பின்னிருக்கையில் மனைவியை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிற ஓர் இனம் உலகத்தில் உண்டு. இதற்கு இன்னும் யாரும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. நான் வைக்கிறேன்: சக்கரப் பெரியவர். 'சக்கரக் கிழவர்' என்றுதான் முதலில் தோன்றியது. கையுறை போட்ட கையோடு சண்டைக்கு வருவார்களே என்று மாற்றிக்கொண்டேன்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கடைத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு, கடைக்குள் போகாமல், ஹெல்மெட்டை இன்னொருவர் தலையைப் போல அக்குளில் இடுக்கிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்திலேயே நிற்பார். எதற்கு நிற்கிறார்? யாராவது கேட்க வேண்டும். "தூரமா போறீங்களா சார்?" என்று நீங்கள் வாய் தவறிக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. டயரில் எவ்வளவு காற்று, மழைச்சட்டையில் எத்தனை அடுக்கு, எந்த மலையில் எத்தனையாவது வளைவில் லாரி எதிரே வந்தது, வந்த லாரிக்காரன் இவருடைய சாமர்த்தியத்தைப் பார்த்து எப்படிச் சலாம் போட்டான் என்பதெல்லாம் வரிசையாக வரும். நீங்கள் பால் வாங்க வந்தவர். உங்கள் பால் திரிந்துவிடும்.

எங்கள் சந்தில் இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரைக் கேப்டன் என்பார்கள். ராணுவத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம், விபத்து நடந்துவிட்டது என்று எழுதிப் போடுகிறவர்களிடம் "இது விபத்தே இல்லை" என்று நிரூபிக்கிற பிரிவில் இருந்தவர். அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்போம். இரண்டு பேருக்கும் அறுபதைத் தாண்டி ஆறேழு வருஷம்.

கேப்டன் பேச்சைக் கவனித்தால் ஒரு நுட்பம் பிடிபடும். தோட்டம் என்றால் "நாங்க." வண்டி என்றால் "நான்." "நாங்க இந்த வருஷம் பீன்ஸ் போட்டோம், நாங்க பன்னிரண்டு கோழி வளர்க்கிறோம், நாங்களே வேலி கட்டினோம்" என்பார். பீன்ஸ் போட்டதும், கோழி வளர்ப்பதும், வேலி கட்டியதும் அக்கா. இருபத்தைந்து கிலோ தீவன மூட்டையைச் சந்து முனையிலிருந்து தோளில் தூக்கி வருவதும் அக்கா. அந்த நேரத்தில் கேப்டன் சாய்வு நாற்காலியில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இயற்கையோடு ஒன்றியிருப்பார்.

"நான்" என்கிற வண்டி விஷயத்துக்கு வருவோம். கேப்டன் முதன்முதலாக மோட்டார் சைக்கிளில் ஏறியது அறுபதாவது வயதில். அக்கா சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தவர். தடுப்பூசிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, சர்க்கார் கொடுத்த ஓட்டை மோட்டார் சைக்கிளில் இருபத்திரண்டு வருஷம் சேற்றிலும் மேட்டிலும் போய் வந்தவர். இருந்தாலும், இருவர் ஹெல்மெட்டிலும் மைக் பொருத்தி, வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேருகிற இடம் வரை அக்காவுக்கு வண்டி ஓட்டுவது எப்படி என்று விளக்கிக்கொண்டே போவார் கேப்டன். "இப்ப நான் கியரைக் குறைக்கிறேன் பார். ஏன் குறைக்கிறேன்?"

"மேடு வருது" என்பார் அக்கா.

"அது மட்டும் இல்லை" என்பார் கேப்டன். ஆனால் அது மட்டும்தான்.

விதிகள் இல்லாமல் இந்த இனத்தால் மூச்சுவிட முடியாது. கேப்டனிடம் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டை உண்டு; அதில் பதினேழு விதிகள். ஆறாவது விதி: 'மழையைக் கண்டு ஒதுங்கலாம், மனிதரைக் கண்டு ஒதுங்கக் கூடாது.' பதினொன்றாவதற்கு இன்றுவரை யாருக்கும் பொருள் தெரியாது. எல்லாவற்றுக்கும் தலையாயது முதல் விதி: 'கீழே விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்க முடிந்தவர் ஓட்டலாம். முடியாதவர் ஓட்டக் கூடாது.'

எழுதி வைத்ததோடு விட்டாரா? வருஷா வருஷம் முதல் நெடும்பயணத்துக்கு முன்னால் வீட்டுப் புல்வெளியில் பரீட்சை நடக்கும். வண்டியைப் பக்கவாட்டில் படுக்க வைப்பார். சாட்சிகளைக் கூப்பிடுவார். தூக்குவார். நாங்கள் கை தட்டுவோம். போன வருஷம் இதே பரீட்சையை எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாருக்கும் வைத்தார். அவரும் ஓய்வு பெற்றவர். ஆசை ஆசையாக ஒரு வண்டி வாங்கி, கேப்டனோடு சேர்ந்து சுற்றலாம் என்று நினைத்திருந்தார் பாவம். இடுப்புவரை தூக்கினார். அதற்கு மேல் வண்டியும் வரவில்லை, வாத்தியாரும் நிமிரவில்லை.

"இன்னொரு வாய்ப்பு கொடுங்க கேப்டன்."

"நான் யார் சார் கொடுக்கிறதுக்கு? விதி விதிதான்."

வாத்தியாரின் வண்டி அன்றிலிருந்து தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. அதே பரீட்சையில் கேப்டன் இரண்டாவது முயற்சியில்தான் தூக்கினார் என்பதும், முதல் முயற்சியை 'ஒத்திகை' என்று அறிவித்தார் என்பதும் வாத்தியாருக்கு மறக்கவே இல்லை.

இந்த வருஷம் போகவேண்டிய இடம் கடற்கரை. அங்கே அக்காவின் தங்கை இருக்கிறார். அக்காவும் தங்கையும் பார்த்து நாலு வருஷம். ஒன்பது நாள் பயணம், வழியெல்லாம் தங்க இடம் பார்த்தாயிற்று. பாக்கி இருந்தது பரீட்சை ஒன்றுதான்.

முதல் வாரம் புல் ஈரமாக இருந்தது. "வழுக்கும்" என்றார் கேப்டன். இரண்டாவது வாரம் புல் காய்ந்துவிட்டது. "காய்ஞ்ச புல்லு பெயின்டைக் கீறிடும்." மூன்றாவது வாரம் புல் ஈரமாகவும் இல்லை, காய்ந்தும் இல்லை. கேப்டன் வேலிக்கு அருகே வந்து, "வாத்தியாருக்குச் சளின்னு கேள்விப்பட்டேன். சாட்சி இல்லாம எப்படி?" என்றார். வாத்தியார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"எனக்குச் சளியே இல்லையே கேப்டன்?"

"வர்ற மாதிரி இருக்கு சார் உங்களைப் பார்த்தா. உள்ளே போங்க, காத்து அடிக்குது."

விஷயம் என்னவென்றால், குளிர்காலத்தில் ஒரு பூந்தொட்டியை நகர்த்தப்போய் கேப்டனின் முதுகு பிடித்துக்கொண்டது. செருப்பு மாட்டக்கூடச் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சந்து முழுக்கத் தெரியும். தூக்கமுடியாவிட்டால் ஓட்டக் கூடாது. ஓட்டக் கூடாது என்றால் வண்டி எதற்கு? வண்டி இல்லாவிட்டால் கேப்டன் எதற்கு? சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கோழிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பழைய இன்சூரன்ஸ்காரர்தானே மிஞ்சுவார்? அந்த மனிதர் தனிமையில் அந்தக் கணக்கைப் போட்டுப் போட்டுப் பார்த்ததை முகத்திலேயே படிக்கலாம். கேலி செய்கிற எனக்கே ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான்.

தங்கை தினமும் போன் செய்தார். "எப்பக்கா கிளம்புறீங்க? மீனு வாங்கி வைக்கணும்ல?"

"உங்க மாமாவுக்குப் பரீட்சை முடியட்டும்டி."

நாலாவது வாரம் அக்கா யாரையும் கேட்கவில்லை. "வியாழக்கிழமை கிளம்புறோம்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். ஆக, பரீட்சை புதன்கிழமை. வேறு நாளே இல்லை.

புதன் காலை வாத்தியார் தன் சொந்த மடக்கு நாற்காலியோடு எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். தபால்காரர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு நின்றார். நானும் போனேன். வண்டியை வலது பக்கமாகப் படுக்க வைத்தார்கள். கேப்டன் கையுறை போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். குனிந்தார். ஹேண்டிலைப் பிடித்தார்.

"ஹூம்!"

வண்டி அசையவில்லை. தோட்டத்துப் பக்கம் ஒரு கோழி மட்டும் திரும்பிப் பார்த்தது.

"ஒத்திகை" என்றார் தபால்காரர், உதவியாக.

இரண்டாவது தடவை ஒரு சாண் எழும்பியது. மூன்றாவது தடவை கேப்டன்தான் எழும்பினார். வண்டி அப்படியே கிடந்தது. முகம் தக்காளி நிறத்துக்குப் போய்விட்டது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். அதைவிடக் கொடுமையாக ஒரு மனிதர் இன்னொரு மனிதரை எப்படித் திட்டுவார்?

முப்பத்தைந்து வருஷ அனுபவம் சும்மா போகுமா? கேப்டன் தரையை உற்றுப் பார்த்தார். "இந்த இடம் ஒரு பக்கமாச் சரிவா இருக்கு. சரிவுல வைக்கிற பரீட்சை செல்லாது."

"போன வருஷம் இதே இடத்துலதானே எனக்கு வச்சீங்க?"

"அதுக்கப்புறம் மழை பெஞ்சுதில்ல சார்? மண்ணு இறங்கியிருக்கு."

அப்போது கோழிக்கூண்டுப் பக்கமிருந்து அக்கா வந்தார். கையில் முட்டைக் கூடை. கூடையை வாத்தியார் மடியில் வைத்தார். "பத்திரமாப் பிடிங்க, ஒன்னு கீறலா இருக்கு" என்று சொல்லிவிட்டு, "கொஞ்சம் தள்ளுங்க" என்றார் கணவரிடம்.

வண்டியின் பக்க ஸ்டாண்டை முதலில் இழுத்து விட்டார். ஹேண்டிலை முழுக்கத் திருப்பினார். வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையில் இடுப்பை அண்டக்கொடுத்துக் குந்தினார். ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின்னால் இருக்கும் கம்பியில். அப்புறம் பின்பக்கமாகச் சின்னச் சின்ன அடி. தீவன மூட்டை தூக்குகிற கால்கள். வண்டி, சொன்னபடி கேட்கிற மாடு மாதிரி எழுந்து, ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது.

"கையால தூக்கினா வராதுங்க. காலால தள்ளணும். ஸ்டாண்டை முதல்லயே போடலேன்னா அந்தப் பக்கம் சாஞ்சிடும்" என்றார் அக்கா, புடவையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிக்கொண்டே.

"இதை நீ எப்ப கத்துக்கிட்ட?" கேப்டன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சேத்துல வண்டி விழுந்தா தூக்கிவிட ஆள் தேடிக்கிட்டா நிக்க முடியும்? பெட்டிக்குள்ள ஐஸ் உருகிடும்ல?"

"ஏன் இவ்வளவு நாளா சொல்லலை?"

"நீங்க எங்கே கேட்டீங்க?"

கேப்டன் உள்ளே போனார். அட்டையோடு திரும்பி வந்தார். ஒன்று சொல்லவேண்டும், இந்த இனத்துக்கு அகம்பாவம் உண்டு, பித்தலாட்டம் கிடையாது. எல்லோருக்கும் கேட்கும்படி முதல் விதியைப் படித்தார். படித்து முடித்து, "வண்டியை வித்துடலாம்மா. பஸ்ஸுக்கு டிக்கெட் போடறேன்" என்றார். வாத்தியாருக்கே முகம் வாடிவிட்டது. முட்டைக் கூடையைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டார்.

"எதுக்கு விக்கணும்? தூக்க முடிஞ்சவங்க ஓட்டலாம்னுதானே போட்டிருக்கு? நான் தூக்கினேன். நான் ஓட்டறேன்" என்றார் அக்கா. "தூக்க முடியாதவங்க பின்னால உக்காரக்கூடாதுன்னு எங்கேயாவது எழுதியிருக்கீங்களா?"

கேப்டன் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார். பதினொன்றாவது விதியைக்கூட ஒருமுறை சந்தேகத்தோடு படித்தார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் எழுதிய தாளில் ஓட்டை கண்டுபிடித்த மனிதர், தான் எழுதியதில் இவ்வளவு பெரிய ஓட்டை இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

"இல்லை" என்றார். அந்த 'இல்லை'யில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவர் மூன்று தடவை இருமவேண்டியிருந்தது.

வாத்தியார் கூடையை என் கையில் திணித்துவிட்டு, நாற்காலியை மடக்கிக்கொண்டு விறுவிறுவென்று தன் வீட்டைப் பார்த்து நடந்தார். "இந்தாம்மா, கொஞ்சம் வெளியே வாயேன்!" என்ற குரல் சந்து முழுக்கக் கேட்டது. வாத்தியாரம்மா வந்து, தார்ப்பாயை விலக்கிப் பார்த்து, என்ன சொன்னார் என்பதை அச்சில் ஏற்ற முடியாது.

வியாழன் காலை அக்கா முன்னால், கேப்டன் பின்னால். மைக்கில் பாடம் சந்து முனையிலேயே ஆரம்பித்துவிட்டதாம். அந்த மைக்கை அணைக்க ஒரு பொத்தான் இருப்பதை முதல் பாலம் வருவதற்குள் அக்கா கண்டுபிடித்துவிட்டாராம். ஒன்பது நாளும் அருமையாகப் போனது என்று இருவருமே சொல்கிறார்கள்.

கேப்டன் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனம் திருந்தாது. இடம் மாறி உட்காரும், அவ்வளவுதான். இப்போது கடைத்தெருவில் அவரிடம் கேட்டுப் பாருங்கள். "ஓட்டறது யார் வேணாலும் ஓட்டலாம் சார். பின்னால உக்கார்றதுதான் கலை. வண்டியோட சமநிலையே பின்னால இருக்கிறவர் கையிலதான்" என்பார். பின்னிருக்கைக்கென்று புது அட்டை தயாராகிறது. இதுவரை ஒன்பது விதிகள்.

சிரிக்கிறீர்கள். 'நம்மிடம் மோட்டார் சைக்கிளே இல்லையே' என்கிற தைரியத்தில் சிரிக்கிறீர்கள். வண்டி கட்டாயமில்லை ஐயா. சமையல் கட்டிலோ, கடைக் கல்லாவிலோ, குடும்ப விவகாரத்திலோ நீங்கள்தான் ஓட்டுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு ஒருவருக்கு ஓயாமல் விளக்கம் சொல்லி வருகிறீர்களே, அவரைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். இத்தனை வருஷமாக எதிர்த்துப் பேசாமல் இருக்கிறார் என்றால், உங்கள் திறமையை ரசிக்கிறார் என்று அர்த்தமில்லை. வழியைப் பார்த்து வைத்துக்கொள்கிறார்.