துண்டு விழும் சார்

“துண்டு விழும் சார்” என்றார் மேஸ்திரி.

சொல்லிவிட்டு அளவு நாடாவின் நுனியை விட்டார். அது சர்ரென்று சுருண்டு அவர் கைக்குள் போனது. வீட்டுக்காரர் ஓர் அடி முன்னால் வந்தார்.

“என்ன சொன்னீங்க?”

“துண்டு விழும்னேன். எல்லா வீட்டுலயும் விழுறதுதான். ஆனா விழுந்தா அது உங்க பொறுப்பு. இப்பவே சொல்லிடறேன், அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

வீட்டுக்காரர் கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு அடிக்குப் பத்தடி இடம். அதில் ஓரடிக்கு ஓரடி பேவர் கல் பதிக்க வேண்டும். கல், மணல், கூலி எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு எண்ணூறு. ஆக மொத்தம் தொண்ணூற்றாறாயிரம். அவர் ஒதுக்கி வைத்திருப்பது ஒரு லட்சம். நாலாயிரம் மிச்சம் நிற்கிறது. இதில் துண்டு எங்கிருந்து வந்து விழும்?

வேறு ஆளாக இருந்தால் “விழட்டும் போ” என்று டீ போடச் சொல்லியிருப்பார். இவரால் முடியாது. இருபத்தெட்டு வருடமாக ஓர் அலுவலகத்தின் பட்ஜெட் பிரிவில் குப்பை கொட்டுகிறவர். வரவைவிடச் செலவு எகிறிப் பட்ஜெட்டில் துண்டு விழுந்தது என்ற பேச்சு அவர் பிரிவில் ஒரு வருடம்கூட எழுந்ததில்லை. அதனால் அலுவலகத்தில் அவருக்கு ‘சரிக்குச்சரி’ என்று பெயர். கிண்டலாக வைத்ததுதான். அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

“சுமாரா எவ்வளவு விழும்?” என்று கேட்டார் சரிக்குச்சரி.

“வேலை முடிஞ்சாத்தான் தெரியும்.”

“ஒரு உத்தேசமா சொல்லுங்க.”

“அதையெல்லாம் யார் சார் எண்ணிக்கிட்டு இருக்கா?” மேஸ்திரி சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

துண்டு விழுமாம், அதை யாரும் எண்ணமாட்டார்களாம். சரிக்குச்சரிக்குத் தலை சுற்றியது. அப்படியே கொல்லைக் கதவுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

இத்தனைக்கும் இது அவருடைய ஆசை இல்லை, மனைவியுடையது. போன மழையில் கொல்லைச் சேற்றில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டவள் அவள். ஆறு வாரம் மாவுக்கட்டு. அதற்குப் பிறகு கொல்லைப்பக்கம் இறங்குவதையே விட்டுவிட்டாள். வாழ்க்கையில் அவள் இவரிடம் அதிகம் கேட்டதில்லை. இந்த ஒன்றைத்தான் கேட்டிருந்தாள்.

“நீங்க ரிட்டயர் ஆக இன்னும் மூணு மாசம்தானே? பின்னாடி சமமா ஒரு தரை போட்டுக் குடுங்க. ரெண்டு நாற்காலி போட்டு, சாயங்காலம் ரெண்டு பேரும் உட்கார்ந்து டீ குடிக்கலாம். வேற எதுவும் வேண்டாம்.”

கேட்டதோடு நிற்காமல், தன் சேமிப்பிலிருந்து இரண்டு பிரம்பு நாற்காலிகளும் வாங்கிவிட்டாள். அவை கூடத்தில் பழைய போர்வைக்குள் இரண்டு மாதமாகக் காத்திருக்கின்றன.

அன்று சாயங்காலம் சரிக்குச்சரி கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி, “துண்டு விழுந்துடும் போலிருக்கே, துண்டு விழுந்துடும் போலிருக்கே” என்று முணுமுணுத்தார்.

மனைவி சன்னல் வழியாகக் கொல்லையை எட்டிப் பார்த்தாள். “விழலையே, கொடியிலதானே தொங்குது? விழுந்தா நீங்களே போய் எடுங்க. அந்தச் சேத்துல நான் இறங்கமாட்டேன்.”

“அந்தத் துண்டு இல்லம்மா, பட்ஜெட்ல!”

“எவ்வளவு விழுதாம்?”

“தெரியாதாம்.”

“தெரியாம எப்படிங்க விழும்?”

அதுதானே அவருக்கும் புரியவில்லை. ஆனால் புரியாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அலுவலகம் அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. செலவைக் குறைக்க வேண்டும். கால்குலேட்டரை எடுத்து உட்கார்ந்தார். பன்னிரண்டு அடியைப் பதினோரு அடி மூன்று அங்குலமாக்கினார். பத்தடியை ஒன்பதடி நாலு அங்குலமாக்கினார். பரப்பு நூற்றைந்து சதுர அடி. செலவு எண்பத்துநாலாயிரம். இப்போது பதினாறாயிரம் மிச்சம். இனி துண்டாவது, விழுவதாவது என்று நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் மேஸ்திரி புதுக் கணக்கைப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

“இப்பத்தான் சார் நல்லா துண்டு விழும்.”

“என்னது?”

“முன்னே ஏதோ குழாயடியில, சாக்கடை மூடிகிட்ட கொஞ்சமா விழுந்திருக்கும். இப்ப ரெண்டு பக்கமும் விழும்.”

இரண்டு பக்கமும்! சரிக்குச்சரிக்குத் தெரிந்த இரண்டு பக்கங்கள் வரவும் செலவும்தான். செலவுப் பக்கம் ஓட்டை விழலாம். வரவுப் பக்கமும் சேர்ந்து விழும் என்றால் அந்தக் குடும்பம் என்ன ஆவது? சாக்கடை மூடிக்கும் பற்றாக்குறைக்கும் என்ன உறவு என்பது அவர் மண்டையில் ஏறவேயில்லை. ஏறாததைத் தொழில் ரகசியம் என்று ஒதுக்கிவிட்டு, வரவைப் பெருக்கக் கிளம்பினார்.

முதலில் ஸ்கூட்டர் போனது. பதினான்கு வருடம் கூட இருந்த வண்டி. முப்பதாயிரத்துக்குக் கைமாறியது. அதை எதிர்வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டு போனதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்து, கடைவாய்ப் பல்லுக்கு வைத்திருந்த பத்தாயிரத்தைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டார். பல் வைத்தியரிடம் மூன்று மாதம் தள்ளி வருவதாகச் சொல்லிவிட்டு இடது பக்கமாகவே மென்று தின்ன ஆரம்பித்தார்.

அதுவும் போதாதோ என்று மச்சினனுக்குப் போன் செய்தார். மனைவியின் தம்பியிடம் கடன் கேட்பது அவருக்கு மானப் பிரச்சினை. கூச்சத்தில் நேராகச் சொல்லாமல் இங்கிலீஷில் ஒதுங்கினார்.

“ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, வீட்டுக்குப் பின்னாடி ஒரு பேட்டியோ போடலாம்னு...”

“பேட்டியா? உங்களையா? எந்த டிவியில மாமா?”

“டிவி இல்லப்பா. பேட்டியோ. கல்லு போடுறது.”

“கல்லு போடுறாங்களா! அப்படி என்ன மாமா பேசிட்டீங்க?”

சரிக்குச்சரி போனை வைத்துவிட்டார். பத்து நிமிடத்தில் மச்சினன் அக்காவைக் கூப்பிட்டு, மாமாவை வெளியே விட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னான்.

கடன் கிடைக்காவிட்டாலும் கையில் இப்போது ஒரு லட்சத்து நாற்பதாயிரம் இருந்தது. அந்தத் தெம்பில் மேஸ்திரி வேலை செய்துகொண்டிருந்த இடத்துக்கே நடந்து போனார். இனி நடைதான்.

“மேஸ்திரி, நான் இன்னும் நாப்பதாயிரம் சேர்த்துட்டேன். இப்பத் துண்டு நின்னுடும் இல்ல?”

மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “காசுக்கும் துண்டுக்கும் என்ன சார் சம்பந்தம்?”

“சம்பந்தம் இல்லையா?”

“நீங்க கோடி ரூபா கொண்டுவந்து கொட்டினாலும் விழுற துண்டு விழத்தான் செய்யும். அது அளவுல இருக்கு சார்.”

இருபத்தெட்டு வருட அனுபவத்தில் பணத்துக்கும் பற்றாக்குறைக்கும் சம்பந்தமில்லை என்று சொன்ன முதல் மனிதர் இவர்தான். மறுத்துப் பேச வாயெடுத்தார். ஆனால் மேஸ்திரியின் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை இருந்தது. படித்தது தப்போ என்று முதல்முறையாகச் சரிக்குச்சரிக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் “அளவுல இருக்கு, அளவுல இருக்கு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அப்படியானால் இன்னும் அளவைக் குறைப்பதுதான் வழி. தாளில் படம் போட்டு, நான்கு மூலைகளையும் வளைத்து வெட்டினார். மூலையில் யார் உட்காரப் போகிறார்கள்?

மறுநாள் வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்த மேஸ்திரி நெற்றியைத் தேய்த்தார். “வளைவா? கொட்டும் சார். துண்டு கொட்டோ கொட்டுனு கொட்டும்.”

சரிக்குச்சரிக்கு வேர்த்து ஊற்றியது. அங்கேயே, மேஸ்திரியின் கண்ணெதிரிலேயே, பேனாவை எடுத்துத் தாளில் கோடு மேல் கோடாக அடித்தார். கதவைத் தொட்டு ஓர் அரைவட்டம் மட்டும் மிச்சமிருந்தது. சுவரிலிருந்து நாலடி. பரப்பு இருபத்தைந்து சதுர அடி. செலவு இருபதாயிரம்.

“இதுக்கு?” என்று தாளை நீட்டினார்.

மேஸ்திரி தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “சார், நான் இருபது வருஷமா கல்லு போடுறேன். போடுற கல்லுக்கு இவ்வளவு துண்டு விழுற வேலையைப் பார்த்ததே இல்ல. எனக்கென்ன, போடச் சொன்னா போடுறேன்.”

வேண்டாம், நிறுத்திவிடலாம் என்றுதான் சரிக்குச்சரி நினைத்தார். மனைவிதான் உள்ளேயிருந்து வந்து, “போடச் சொல்லுங்க. மழை வர்றதுக்குள்ள ஏதாவது ஒண்ணு இருக்கட்டும்” என்றாள். அந்த ‘ஏதாவது ஒண்ணு’ அவரைச் சுட்டது.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. மணலைக் கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து, மட்டம் பார்த்தார்கள். பிறகு கட்டிங் மெஷின் காது கிழியக் கத்தியது. சரிக்குச்சரி அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து, பாஸ்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, துண்டு எந்த நிமிடம் விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. மேஸ்திரி வந்து பேசிய இருபதாயிரத்தை வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் ஒரு பைசா கூடக் கேட்காமல், “வர்றேன் சார்” என்று கிளம்பிவிட்டார்.

கணக்கில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குக் குறையாமல் அப்படியே கிடந்தது. ஸ்கூட்டர் இல்லை. கடைவாய்ப் பல் வலித்தது. துண்டு ஏன் விழவில்லை என்று அவருக்குச் சத்தியமாகப் புரியவில்லை. ஒருவேளை தன் சாமர்த்தியத்தால்தான் தப்பியதோ என்று லேசாக ஒரு பெருமைகூட எட்டிப் பார்த்தது.

சாயங்காலம் மனைவி போர்வையை விலக்கினாள். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அரைவட்டத்தின் வலது பக்கம் போட்டாள். இரண்டாவதை இடது பக்கம் போட முடியவில்லை. கொல்லைக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. திறந்தால் இடது பாதியை அதுவே பிடித்துக்கொண்டது. நடுவில் போட்டால் நாற்காலியின் முன்கால்கள் சேற்றில் இறங்கின.

இரண்டு மூன்று விதமாக வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டாவது நாற்காலியைக் கதவுக்கு உட்புறம், கூடத்திலேயே போட்டாள்.

“நீங்க இதுல உட்காருங்க” என்றாள். “பரவாயில்லைங்க. உள்ள இருந்தே பேசுங்க, எனக்குக் கேட்கும்.”

அவள் வெளியே உட்கார்ந்து டீயை உறிஞ்சினாள். அவர் உள்ளே உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்தார். ரொம்ப வருத்தமாக இருந்தது. எதிரே மீதி இடமெல்லாம் சேறு. ஒரு லட்சத்து இருபதாயிரம் வைத்திருப்பவனின் சேறு. ஆனாலும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

“என்ன இருந்தாலும், கடைசி வரைக்கும் துண்டு விழாம முடிச்சேன் பாரு.”

அப்போது கொல்லை ஓரத்தில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த சித்தாள் பெண்மணி, இரண்டு கனத்த சாக்குமூட்டைகளைத் தரதரவென்று இழுத்து வந்து அவர் எதிரில் நிறுத்திவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

“சார், கல்லு வெட்டினதுல விழுந்த துண்டெல்லாம் இதுல இருக்கு, உங்க பொறுப்புன்னு மேஸ்திரி சொன்னாரே, எங்க கொட்டட்டும்?”